கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள்

என் மகள் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஸ்கூலில் ஒரு எரிமலை செய்து கொண்டுவரச் சொன்னார்கள். ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து, தெர்மாகோல் வெட்டி, களிமண் பூசி, சிவப்புப் பெயின்ட் அடித்து, சோடா உப்பில் வினிகரை ஊற்றினால் பொங்கி வழிகிற மாதிரி செய்து வைத்தேன். அவள் ஒன்பது மணிக்கே தூங்கிப்போனாள். முதல் பரிசு கிடைத்தது. மேடை ஏறி வாங்கியவள் அவள். செய்தவள் நான்!

வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, உள்ள என்ன ஊத்தினா பொங்குதுன்னு அந்த சார் கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியலம்மா" என்றாள். "அதனால என்ன? பரிசு குடுத்துட்டாங்கல்ல" என்று சொல்லி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைச் சாப்பிட்ட விதத்தில் சந்தோஷமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் நடக்கிற சங்கதிதானே! பிள்ளை சிரமப்படக் கூடாது, மற்ற பிள்ளைகளைவிடக் குறைந்துவிடக் கூடாது என்று நம் கை தானாகவே முன்னால் போய்விடுகிறது. அந்தக் கையைக் கட்டிப் போட ஒரு சனி, ஞாயிறு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கம்மாபுரம். மகள் படித்தது நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில். 2022-ஆம் வருஷம் எட்டாம் வகுப்பு. ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தவள், "அம்மா, என்னை ரோபோ டீமில் சேத்துக்கிட்டாங்க!" என்று குதித்தாள். ரோபோ என்றதும் எனக்கு 'எந்திரன்' படம்தான் ஞாபகம் வந்தது. கை, கால், கண்ணாடியோடு ஒரு ஆள் வரப்போகிறது என்று நினைத்தேன். பிற்பாடு வந்து இறங்கியதோ, ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்கு, இரண்டு சக்கரம் வைத்த வண்டி!

இந்தப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டீன் கேமன் என்ற விஞ்ஞானி 1989-இல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். விளையாட்டு வீரர்களைக் கொண்டாடுகிற மாதிரி பிள்ளைகள் விஞ்ஞானத்தையும் கொண்டாட வேண்டும் என்பது அவர் ஆசை. பெரிய பிள்ளைகளுக்கான போட்டியில், வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அந்த வருஷத்து விளையாட்டு என்ன என்பதை உலகம் பூராவுக்கும் ஒரே நேரத்தில் சொல்வார்களாம். அதற்குக் 'கிக்-ஆஃப்' என்று பெயர். சின்னப் பிள்ளைகளுக்கு, டென்மார்க் நாட்டு லெகோ பொம்மைக் கம்பெனியோடு சேர்ந்து நடத்துவது 'ஃபர்ஸ்ட் லெகோ லீக்'. அதற்கு ஆகஸ்ட் மாதத்தில் விவரம் வந்துவிடும். அப்புறம் ஒரு பெட்டி வரும். பெட்டியைத் திறக்கிற அந்த இரண்டு நாள்தான் பிள்ளைகளுக்குத் தீபாவளி.

ஸ்கூல் ஹாலில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மாமனார் காலத்துக் கூடம் ஒன்று இருக்கிறது. நெல் மூட்டை அடுக்கிய இடம். "எங்க வீட்ல வச்சுக்கலாம் மிஸ்" என்று மகள் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னைக் கேட்கவே இல்லை! ஏழு பிள்ளைகள், அதில் மூன்று பேர் பெண்கள். கூட அவர்களுடைய சயின்ஸ் டீச்சர். எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் குஷி. வெள்ளிக்கிழமையே கூடத்தைக் கழுவி, சுண்டலுக்கு ஊறப்போட்டு, தயிருக்குப் பால் வாங்கிவைத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கே வந்துவிட்டார்கள். டீச்சர் உள்ளே வந்ததும் என்னைத் தனியாக அழைத்து, "ஒண்ணே ஒண்ணுதாங்க கேக்கணும். இந்தப் போட்டியில் வேலை எல்லாம் பிள்ளைங்களுது. நானும் கை வைக்கக் கூடாது, நீங்களும் கை வைக்கக் கூடாது. கேள்வி கேக்கலாம், சாப்பாடு போடலாம், அவ்வளவுதான்" என்றார். "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்று சிரித்தேன்.

ஒன்பது மணிக்கு டக்கென்று கரண்ட் போயிற்று. மாதாந்தரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்து மணி வரை வராது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது! "என்னா ஆன்ட்டி, நெய்வேலிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு கரண்ட் இல்லையா?" என்று ஒரு பையன் கேலி செய்தான். டீச்சர் விடவில்லை. "இங்க உற்பத்தி ஆகுற கரண்ட் பெரிய கம்பி வழியா போய்த் தென் மாநிலங்கள் எல்லாத்துக்கும் பங்காவுது. அப்புறம்தான் துணை மின் நிலையம் வழியா இந்த வீட்டுக்கு வருது. கம்பத்துல ஏறி வேலை செய்யறவர் உயிரோட இறங்கணும்னா லைனை நிறுத்தித்தானே ஆகணும்?" என்றார். பையன் வாயை மூடிக்கொண்டான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷத்துப் போட்டியின் தலைப்பே மின்சாரம் மாதிரியான ஆற்றலைப் பற்றித்தான். அது எங்கே பிறக்கிறது, எப்படிப் பயணம் போகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது, எப்படிச் செலவாகிறது என்பதுதான் விஷயம். பெட்டிக்குள் சின்னச் சின்னப் பொட்டலங்கள். காற்றாலை, அணைக்கட்டு, சூரியத் தகடு, மின் நிலையம், ஹைபிரிட் கார், டெலிவிஷன் என்று ஒவ்வொன்றையும் பொடிப்பொடித் துண்டுகளிலிருந்து கட்ட வேண்டும். எட்டடி நீளம் நாலடி அகலத்துக்கு ஒரு விரிப்பு. அதன் மேல் இவற்றை அந்தந்த இடத்தில் வைத்துவிட்டு, ரோபோவை விட வேண்டும். மொத்தம் 15 வேலைகள், நேரம் இரண்டரை நிமிஷம். ரிமோட் கிடையாது. முன்கூட்டியே கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்ததை வைத்து அதுவாகவே போய் வர வேண்டும். காற்றாலையை ஒரு தடவை முட்டினால் ஒரு துண்டு விழும். மூன்று தடவை முட்டினால் மூன்று துண்டு. இப்படி ஒவ்வொன்றுக்கும் மார்க்.

கரண்ட் இல்லாததும் நல்லதாகப் போயிற்று. பொம்மை கட்ட கரண்ட் எதற்கு? திண்ணை வெளிச்சத்தில் ஆளுக்கு ஒரு பொட்டலம் பிரித்து உட்கார்ந்தார்கள். கட்டுகிற விதம் புத்தகத்தில் படமாகத்தான் இருந்தது. என் மாமியார் பனை விசிறியோடு வந்து உட்கார்ந்து, "இந்தப் பச்சை குச்சி இங்க வரணும்போலருக்கே" என்றார். "ஆயா, நீங்க சொல்லக் கூடாது, காட்டவும் கூடாது!" என்று ஏழு பேரும் ஒரே குரலில் கத்த, பாவம், விசிறியால் வாயைப் பொத்திக்கொண்டார்!

சாப்பாட்டு விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். முதலில் பஜ்ஜி போடலாம் என்றுதான் நினைத்தேன். எண்ணெய்க் கையோடு அந்தத் துண்டுகளைத் தொட்டால் வழுக்கும், பிசுக்கும். அதனால் பதினொரு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், கரண்டி போட்டு. மத்தியானம் எலுமிச்சம் சாதம், தயிர் சாதம். மூன்று மணிக்குக் கொய்யாப்பழம், மோர். பிள்ளைகள் வேலையில் மூழ்கிவிட்டால் தாகமே தெரியாது. மணிக்கு ஒருதரம் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு நானே சுற்றி வந்தேன். கம்ப்யூட்டர் பார்க்கிற பிள்ளைகள் 20 நிமிஷத்துக்கு ஒருதரம், 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 விநாடி பார்க்க வேண்டும் என்று கண் டாக்டர்கள் சொல்வார்கள். எங்கள் வாசல் வேப்ப மரம் அதற்கென்றே நட்டது மாதிரி நின்றது.

எல்லாம் சரிதான். ஆனால் என் மனசு மட்டும் சரியாக இல்லை. காரணம், என் மகள். பொம்மை எல்லாம் கட்டி முடித்து ரோபோவைச் செய்ய ஆரம்பித்ததும், பையன்கள் நாலு பேரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். "உன் கையெழுத்து அழகா இருக்கு, நீ நோட்டு எழுது" என்று இவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். மற்ற இரண்டு பெண்களுக்கு அட்டையில் கலர் அடிக்கிற வேலை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவர்கள் பார்த்து வளர்ந்தது அப்படி. இவளும் பேசாமல் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீடு, என் கூடம், என் சுண்டல், என் பெண் ஓரத்திலா? 'இவளுக்கும் ஒரு சான்ஸ் குடுங்கப்பா' என்று கேட்க வாயைத் திறந்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'கொஞ்சம் பொறுங்க' என்று இருந்தது. பொறுத்தேன். எப்படிப் பொறுத்தேன் என்பது எனக்கும் அடுக்களைக்கும்தான் தெரியும்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. ரோபோவை விரிப்பில் விட்டார்கள். அடேயப்பா, என்ன கூச்சல்! ஐந்து தடவை விட்டார்கள். ஐந்து தடவையும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. ஆறரைக்கெல்லாம் அவரவர் அப்பாக்கள் வண்டியில் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டுக் கூடத்து விளக்கை அணைக்கப் போனேன். ரோபோ பலகை மேல் இருந்தது. சும்மா கையில் எடுத்துப் பார்த்தேன். இடது பக்கச் சக்கரம் லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது. 'ஐயோ, நாளைக்குக் கழன்று விழுந்தால்?' என்று அதை அழுத்தி நன்றாக உள்ளே தள்ளினேன். தையல் மிஷின் சக்கரத்தையே கழற்றி மாட்டுகிறவளுக்கு இது என்ன பிரமாதம்! உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை ரோபோவை விட்டார்கள். அது இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் அணைக்கட்டில் மோதியது. மறுபடி விட்டார்கள். மறுபடியும் இடது பக்கம். எனக்கு அடிவயிறு கலங்கியது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய், அறுத்து வைத்த வெண்டைக்காயையே திரும்ப அறுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம்! விரிப்பில் மடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். பேட்டரியைப் பார்த்தார்கள். சக்கரத்துத் தூசியைத் துணியால் துடைத்தார்கள். எழுதிய புரோகிராமை அழித்துத் திரும்ப எழுதலாம் என்றான் ஒருவன். "நேத்தே நீ ஏதோ மாத்திட்டே" என்று இன்னொருவன் மேல் பாய்ந்தான். பேச்சு தடித்தது.

அப்போதுதான் என் மகள் நோட்டோடு எழுந்தாள். "சண்டை போடாதீங்க. நேத்து அஞ்சே முக்காலுக்கு அஞ்சு தடவை விட்டோம், அஞ்சும் நேராப் போச்சு. அதுக்கப்புறம் யாரும் புரோகிராமைத் தொடல, எழுதி வச்சிருக்கேன். அப்ப மாறினது ரோபோவாத்தான் இருக்கணும்" என்றாள். ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். ரோபோவைப் படம் போட்டு வைத்திருக்கிறாள்! "பாரு, இடது சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஒரு நகம் நுழையற இடம் இருந்துச்சு. இப்ப இல்ல. சக்கரம் உரசுது. அதான் அந்தப் பக்கம் இழுக்குது."

சக்கரத்தை ஒரு நகம் அளவுக்கு வெளியே இழுத்தாள். ரோபோ நேராகப் போயிற்று.

எல்லோரும் கை தட்டினார்கள். "யாருடா இதை அழுத்தினது?" என்று ஒருவன் கேட்டான். கூடத்தில் சத்தமே இல்லை. ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். செய்யாத ஒரு பிள்ளை மேல் பழி விழப்போகிறது என்று தெரிந்ததும் என்னால் நிற்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான்தாம்ப்பா. ராத்திரி ஆடுற மாதிரி இருந்துச்சு. நல்லதுன்னு நெனச்சுதான் அழுத்திட்டேன்" என்றேன். பிள்ளைகள் முன்னால் குரல் நடுங்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

கண்ணாடி போட்ட சின்னப் பையன் ஒருத்தன், ஆறாம் வகுப்பு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்: "பரவால்ல ஆன்ட்டி, ஒரு வில்லைதானே போச்சு. ஒண்ணு போனா மார்க் குறையாது."

எனக்கு விளங்கவில்லை. டீச்சர் விளக்கினார். போட்டி தொடங்கும்போது டீமுக்கு ஆறு வில்லைகள் கொடுப்பார்களாம். விரிப்பின் மூலையில் ரோபோ கிளம்புகிற இடத்துக்கு 'வீடு' என்றே பெயர். வீட்டுக்குள் இருக்கும்வரை ரோபோவை எத்தனை தடவை வேண்டுமானாலும் தொடலாம், திருத்தலாம், தடவிக்கொடுக்கலாம். வீட்டைத் தாண்டி வெளியே போனபிறகு அது திணறுகிறதே என்று கையை நீட்டிப் பிடித்தால் ஒரு வில்லை போய்விடும். ஆறும் இருந்தாலும் 50 மார்க், ஐந்து இருந்தாலும் 50 மார்க். ஒரு தடவை மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் தொட்டால் மார்க் குறைந்துகொண்டே வரும்.

இந்தப் போட்டியில் பெரியவர்கள் ஒரு பண்பைச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். வுடி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர் சொன்னது. கெட்டிக்காரனாகவும் இரு, அதே சமயம் அடுத்தவரை நோகடிக்காதவனாகவும் இரு என்பது அதன் சாரம். அந்தச் சின்னப் பையனுக்கு அது அதற்குள் வந்துவிட்டது.

அதன் பிறகு என் மகள் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். "நோட்டை இனிமே மணிக்கு ஒருத்தரா மாத்தி மாத்தி எழுதலாம். இப்ப நான் ஓட்டுறேன்" என்றாள். கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பையன்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கலர் அடித்துக்கொண்டிருந்த பெண்களும் தூரிகையை வைத்துவிட்டு வந்தார்கள். டீச்சர் ஒரு காகிதத்தில் ஏழு பேருக்கும் முறை எழுதி ஒட்டினார். நான் முதல்நாளே குறுக்கே புகுந்து கேட்டிருந்தால் அது அம்மா வாங்கிக் கொடுத்த இடமாகப் போயிருக்கும். எரிமலைக்குக் கிடைத்த பரிசு மாதிரி!

மத்தியானம் மாமியாருக்கு வேலை வந்தது. ரோபோ தவிர, ஊரில் ஆற்றலைப் பற்றி ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து அதற்கு வழி சொல்வதும் போட்டியில் ஒரு பகுதி. பிள்ளைகள் ஆயாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்குழாய் இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்த கதையைச் சொன்னார். அரிக்கேன் விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்ததைச் சொன்னார். டீச்சர் மீதியைச் சொன்னார். 1956-இல் நெய்வேலியில் கம்பெனி ஏற்பட்டது, 1957-இல் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தது, 1962-இல் முதல் அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது, அது உழைத்து உழைத்து 2020-இல் ஓய்வு பெற்றது எல்லாம்.

பிறகு பிள்ளைகள் என் வீட்டையே ஆராய்ச்சி செய்தார்கள். மின்விசிறியிலிருந்து கிரைண்டர் வரை எத்தனை வாட் என்று எழுதினார்கள். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கூடத்துப் பழைய விசிறி 75 வாட். பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். இப்போது வருகிற புதுமாதிரி விசிறி 30 வாட்டுக்குள் ஓடுகிறது, பாதிக்கும் குறைவு. குண்டு பல்பு 60 வாட் இழுக்கிற இடத்தில் எல்.இ.டி. 9 வாட்தான். "ஆன்ட்டி, ஆளில்லாத ரூம்ல ரெண்டு விசிறி ஓடுது" என்று கண்ணாடிப் பையன் சொன்னபோது ஓடிப்போய் அணைத்தேன். மாதாமாதம் நானும் சிக்கனம் சிக்கனம் என்றுதான் கத்துகிறேன்!

ஞாயிறு சாயந்தரம் எல்லோரும் போனபிறகு மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "எரிமலை மாதிரி இதையும் பண்ணிடாதம்மா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நாலு வருஷமாக அதை மனசில் வைத்திருந்திருக்கிறாள்! நான் அவளுக்குச் செய்த உதவி என்று நினைத்தது, 'உன்னால் முடியாது' என்று நான் அவளுக்குச் சொன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இது ஜெயித்த கதை இல்லை. போட்டியில் எங்கள் பிள்ளைகளுக்குக் கோப்பை எதுவும் வரவில்லை. காற்றாலையில் மூன்று துண்டும் விழுந்தன, டெலிவிஷன் நிமிர்ந்தது, பாதியில் ரோபோ திரும்ப மறந்து நின்றுவிட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் அது ஏன் நின்றது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். இந்தத் தடவை ருசித்துச் சாப்பிட்டாள்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குழந்தை சட்டைப் பொத்தானைக் கோணலாகப் போட்டால், தோசை மாவை அடுப்பு மேடையில் சிந்தினால், கணக்கில் ஒரு வரியில் திணறினால், நமக்குக் கை பரபரக்கும். நாம் செய்தால் இரண்டு நிமிஷம், அவர்கள் செய்தால் இருபது நிமிஷம். அந்தப் பதினெட்டு நிமிஷத்தைப் பொறுத்துக்கொள்வதும் சமையல், துவையல் மாதிரி நம் வேலைதான். வயிற்றுக்குப் போடுங்கள், தூங்க வையுங்கள், பக்கத்தில் இருங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காதபோது கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே மகள் அட்டையில் ஆறு வட்டம் வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். மேலே 'அம்மா' என்று எழுதி, உடனே ஒன்றைப் பிய்த்தும்விட்டாள். இப்போது அவள் பெரிய பெண்ணாகிவிட்டாள். ஃபிரிட்ஜ் கூட மாறிவிட்டது. வட்டங்களை மட்டும் பத்திரமாக எடுத்து இதில் ஒட்டியிருக்கிறேன்.

மூன்று மிச்சம் இருக்கிறது. இந்த வயதில் எனக்கு அது நல்ல மார்க்தான்!